பென்குயின் விளையாட வந்த கதை

சிறுபிள்ளை செய்த வேளாண்மை விளைந்தும் வீடு வந்து சேராது என்பது பழமொழி. நெற்செய்கையையே வேளாண்மை என்று வழங்கும் மட்டக்களப்பு மக்களாகிய நமக்கு இப்பழமொழியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பழமொழிகளுக்கும் விதிவிலக்கு உண்டு. இளம் பிராயத்தினர் சிலர் விளையாட்டாகத் தொடங்கிய வேளாண்மை ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விளைந்து, இன்று உலகத்தாரின் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே லினக்ஸ் எனப்படும் கணினிப் பணிசெயல் முறைமை. அம்முறைமையிலே கணினி விளையாட்டுக்கள் வளர்ந்த வரலாற்றையும், அவ்வளர்ச்சியினால் நம் போன்ற கிராமக் குடும்பங்களுக்கு உண்டாகக்கூடிய பயனையும் இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி ஏட்டுச் சுரைக்காயாகி விடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கிரானிலும், சித்தாண்டியிலும், வாழைச்சேனையிலும் இன்று எத்தனையோ வீடுகளில் ஒரு கணினி இருக்கிறது. பெரும்பாலும் அது புதியதன்று. நகரத்துக் கந்தோர் ஒன்று கழித்து விட்டதாக இருக்கும். அல்லது வெளிநாட்டிலுள்ள மாமனோ சித்தப்பாவோ அனுப்பியதாக இருக்கும். மூத்த பிள்ளை அதிலே படித்தான்; இப்போது இளையவள் படிக்கிறாள். இத்தகைய கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இருப்பது வின்டோஸ் 10 என்னும் முறைமை. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பாவனையாளருக்குச் சில நிபந்தனைகளுடன் அளித்த தவணையும் 2026 ஒக்டோபருக்கு அப்பாற் செல்லாது என்றே அப்போது அறிவித்தது. அடுத்ததாகிய வின்டோஸ் 11 முறைமையோ, பழைய கணினிகளிற் காணப்படாத ஒரு பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் வேண்டி நிற்கிறது.

ஆகவே, பழுதேதுமில்லாத ஒரு கணினியை ஒதுக்கிவிட்டுக் கடன்பட்டுப் புதியது வாங்குவதா, பாதுகாப்பற்ற பழையதையே வைத்திருப்பதா என்னும் கேள்வி பல தந்தையரின் முன்னே வந்து நிற்கிறது. மூன்றாவது வழியாகிய லினக்ஸைப் பற்றிக் கூறினால், தந்தை சம்மதித்தாலும் பிள்ளை சம்மதிப்பதில்லை. “அதிலே கேம் விளையாட முடியாதே!” என்பது பிள்ளையின் மறுமொழி. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அம்மறுமொழி நியாயமானதே. இன்று அது எவ்வளவு தூரம் உண்மை என்பதே நாம் காண வேண்டியது.

பணிசெயல் முறைமை யாது?

கணினியின் உறுப்புக்களாகிய திரை, விசைப்பலகை, நினைவகம் முதலியன தாமாக ஒன்றும் செய்யமாட்டா. அவற்றை ஏவி, ஒழுங்குபடுத்தி, நாம் கேட்கும் வேலையைச் செய்விக்கும் தலைமை மென்பொருளையே நமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று கூறுகின்றன. வயற் கண்டங்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சும் வட்டை விதானையாருக்கு அதனை ஒப்பிடலாம். நீரும் அவருடையதன்று; நெல்லும் அவருடையதன்று. ஆயினும் அவர் இல்லையேல் ஒரு வயலுக்கு வெள்ளம், மற்றொரு வயலுக்கு வறட்சி.

விளையாட்டு ஒன்றை இயற்றுவோர் அதனை ஒரு குறித்த முறைமையின் மொழியிலேயே இயற்றுகின்றனர். “இங்கே ஒரு வீரனை வரை, இந்த ஒலியை எழுப்பு, விசை அழுத்தப்பட்டதா என்று பார்” என விளையாட்டு கேட்க, முறைமை செய்து கொடுக்கிறது. வின்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு, லினக்ஸிடம் சென்று அதே கேள்விகளைக் கேட்டால் அதற்குப் புரியாது. இந்த மொழித்தடையே, விளையாட்டை விரும்பிய இளைஞர்களை ஒரே கம்பனியின் வாசலிற் கட்டி வைத்திருந்த கயிறு.

விளையாட்டிலே முளைத்த விதை

லினக்ஸுக்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை என்று நினைப்போர் அதன் பூர்வீகத்தை அறிந்தால் வியப்படைவர். 1969ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கென் தொம்சன் என்பவர், சூரிய மண்டலத்தின் கோள்களுக்கிடையே ஓடம் செலுத்தும் ‘விண்வெளிப் பயணம்’ என்னும் விளையாட்டை எழுதினார். பெரிய கணினியில் அதனை ஒருமுறை விளையாடுவதற்கு ஏறக்குறைய 75 டொலர் பெறுமதியான கணினி நேரம் செலவாயிற்று. ஆகவே, எவரும் அதிகம் பயன்படுத்தாமற் கிடந்த பீ.டீ.பி. 7 என்னும் சிறிய கணினியைத் தேடிப் பிடித்து, டெனிஸ் ரிச்சியின் துணையுடன் தமது விளையாட்டை அதிலே ஏற்றினார். அந்த இயந்திரத்திற் பெற்ற பழக்கமே, அதற்கென ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கும் முயற்சியாக விரிந்தது. யூனிக்ஸ் பிறந்த கதை இதுவே.

யூனிக்ஸின் வழியில் எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் கூடிய முறைமை ஒன்றை ஆக்கும் திட்டத்தை 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்தார். குனூ என்பது அத்திட்டத்தின் பெயர். அதற்குக் கரு போன்ற பகுதி குறைவாயிருந்தது. பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இன் தொடக்கத்தில் வாங்கிய தமது புதிய கணினியிற் சில வாரங்கள் ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ என்னும் விளையாட்டிலே பொழுதைக் கழித்தார். பின்னர் அக்கருவை எழுதத் தொடங்கினார். 1991 ஓகஸ்ட் 25ஆந் திகதி தமது முயற்சியை உலகுக்கு அறிவித்தபோது, இஃது ஒரு பொழுதுபோக்கே, பெரிதாக ஒன்றும் வராது என்னும் கருத்துப்படவே எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அக்கருவே லினக்ஸ். 1996ஆம் ஆண்டு முதல் அதன் சின்னமாக விளங்குவது டக்ஸ் என்னும் கொழுத்த பென்குயின் பறவை.

வறண்ட போகம்

லினக்ஸ் விரைவிலே பல்கலைக்கழகங்களையும் இணையச் சேவை வழங்கும் பெருங் கணினிகளையும் கைப்பற்றியது. விளையாட்டுத் துறையிலோ அதன் விளைச்சல் குறைவாகவே இருந்தது. 1993 டிசெம்பரில் வெளிவந்து உலகைக் கவர்ந்த ‘டூம்’ விளையாட்டு, மறு ஆண்டே லினக்ஸுக்கும் வந்தது உண்மை. ஆனால் ஏனைய கம்பனிகள் அவ்வழியைப் பின்பற்றவில்லை.

1998இல் அமெரிக்காவில் லோக்கி என்றொரு கம்பனி தோன்றியது. புகழ்பெற்ற விளையாட்டுக்களை உரிமையுடன் பெற்று, லினக்ஸுக்கு ஏற்ப மாற்றி விற்பதே அதன் தொழில். விளையாட்டுக்கள் நன்றாகவே இருந்தன, வாங்குவோர் போதவில்லை. 2002 சனவரியில் லோக்கி தன் கதவை மூடியது. எனினும் அறுவடை பொய்த்த வயலிலும் வைக்கோல் உரமாகும். அக்கம்பனியிற் பணியாற்றிய சாம் லன்ரிங்கா, படம், ஒலி, விசை ஆகியவற்றை எந்த முறைமையிலும் ஒரே விதமாகக் கையாள உதவும் எஸ்.டி.எல். என்னும் நிரற்றொகுதியை 1998இல் ஆக்கியிருந்தார். இன்றுவரை எண்ணிறந்த விளையாட்டுக்கள் அதன்மீது நிற்கின்றன. நமது உயர்தர மாணவர் பாடமாகக் கற்கும் பைதன் மொழியில் விளையாட்டு எழுதுவதற்குப் பயன்படும் பைகேம் என்பதும் அதன் மேலே கட்டப்பட்டதே. தோற்றுப்போன கம்பனி ஒன்றின் காலத்து உழைப்பு, கிரானில் இருந்து படிக்கும் மாணவனுக்கும் இன்று பயன்படுகிறது.

துப்பாசி வந்த விதம்

விளையாட்டு லினக்ஸின் மொழியைக் கற்காவிடின், இடையிலே ஒரு துப்பாசியை நிறுத்தினால் என்ன என்று சிலர் எண்ணினர். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. விவசாயிக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் நடுவே நின்ற துப்பாசி ஒருவர் சொன்னதை மற்றவருக்கு உடனுக்குடன் பெயர்த்துச் சொன்னார், கருமம் நடந்தது. அத்தகைய துப்பாசி மென்பொருளே வைன். 1993இல் அம்முயற்சி தொடங்கியது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதற்குத் தலைமை தாங்கி வருகிறார். அதன் முதலாம் முழுமைப் பதிப்பு வெளிவர 2008ஆம் ஆண்டாயிற்று. பதினைந்து ஆண்டுகள் தளராது செய்த தவம்!

வைன் ஒரு முழுக் கணினியை நடித்துக் காட்டுவதில்லை. விளையாட்டின் கணக்குகளைச் செயலி நேரடியாகவே செய்கிறது. வின்டோஸை நோக்கி எழும் வேண்டுகோள்களை மாத்திரம் வைன் இடைமறித்து, லினக்ஸுக்கு விளங்கும் வேண்டுகோள்களாக மாற்றுகிறது. ஆகையாற் பெரிய தாமதம் நேர்வதில்லை. ஆனால் முப்பரிமாணப் படங்களை வரையும் கட்டளைகளைப் பெயர்ப்பதில் அது நெடுங்காலம் திக்கித் திணறியது. 2016 பெப்ரவரியில் வல்கன் என்னும் புதிய, பொதுவான படவரை மொழி வெளிவந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த பிலிப் ரெபோலே என்னும் இளைஞர், ‘நியர் ஓட்டோமேட்டா’ என்ற தமக்குப் பிடித்த விளையாட்டை லினக்ஸிலே ஆட வேண்டும் என்னும் ஆசையினால், வின்டோஸின் படவரை கட்டளைகளை வல்கனாகப் பெயர்க்கும் டி.எக்ஸ்.வி.கே. என்னும் மென்பொருளை 2017இல் எழுதத் தொடங்கினார். இங்கேயும் விளையாட்டு ஆசையே விதையாயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வியாபாரியின் அச்சம்

நல்ல விதை இருந்தும் முதலீடு செய்வாரின்றிப் பெரு வேளாண்மை நடவாது. அம்முதலீடு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் கம்பனியின் தலைவர் கேப் நியூவெல், முன்னர் மைக்ரோசொப்டில் 13 ஆண்டுகள் பணியாற்றியவர். 2012இல் வின்டோஸ் 8 வெளிவரவிருந்த வேளையில், மைக்ரோசொப்ட் தானே ஒரு கடையை முறைமைக்குள் வைப்பதைக் கண்டு அவர் அஞ்சினார். பிறர் காணியிற் கடை வைத்திருப்பவனின் நிலைதான் அவருடைய நிலை. காணிக்காரன் பக்கத்திலே தானும் ஒரு கடை திறந்தால், என்றோ ஒருநாள் வாசல் அடைபடலாம் அல்லவா? எவருக்கும் தனியுடைமையாகாத லினக்ஸ் காணியை அவர் நாடிய காரணம் இதுவே.

2013 பெப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015 நவெம்பரில் லினக்ஸில் இயங்கும் விளையாட்டுப் பெட்டிகளை வால்வ் வெளியிட்டது. அவை தோல்வியுற்றன. பெட்டி இருந்தது, அதில் ஆடுவதற்குப் போதிய விளையாட்டு இருக்கவில்லை. அத்தோல்வியிலிருந்து வால்வ் பாடம் கற்றது. ஒவ்வொரு விளையாட்டுக் கம்பனியையும் வேண்டிக் கேட்பதை விடுத்து, துப்பாசியையே வலுப்படுத்தத் தீர்மானித்தது. பிலிப் ரெபோலேயை அமர்த்திக்கொண்டது. வைனை வளர்க்கும் கோட்வீவர்ஸ் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்தது. 2018 ஓகஸ்ட் 21ஆந் திகதி, வைன், டி.எக்ஸ்.வி.கே. முதலியவற்றை ஒன்றாகக் கோத்த புரோட்டோன் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அன்று அது உறுதியாக ஏற்றுக்கொண்ட விளையாட்டுக்கள் 27 மாத்திரமே. இன்றோ அவை ஆயிரக்கணக்கில் உள்ளன.

2022 பெப்ரவரியில் ஸ்டீம் டெக் என்னும் கைப்பெட்டி வெளிவந்தது. வெளிவந்தபோது அதன் ஆகக் குறைந்த விலையே 399 டொலராக இருந்தது. நம்மவர்க்கு அஃது எட்டாக் கனி. ஆயினும் அதை வாங்கிய பிற நாட்டினர், தாம் லினக்ஸில் விளையாடுகிறோம் என்பதைக்கூடப் பலர் அறியாமலே விளையாடினர். அவர்களுக்காகச் செய்யப்பட்ட திருத்தங்கள் யாவும் சாதாரண லினக்ஸ் கணினிகளுக்கும் இலவசமாக வந்து சேர்ந்தன. மேட்டு வயலுக்குப் பாய்ச்சிய நீர் பள்ள வயலுக்கும் வடிந்து வந்தது போல.

இதன் பயனைத் தொகையிற் காணலாம். ஸ்டீம் மாதந்தோறும் எடுக்கும் கணிப்பில், 2018இல் லினக்ஸ் பாவனையாளர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2023 ஜூலையில் அவர்கள் தொகை அப்பிள் கணினியாளரின் தொகையை விஞ்சியது. 2025 ஒக்டோபரில் முதன்முறையாக 3 வீதத்தைத் தாண்டியது. மூன்று வீதம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் 2025இல் அக்கடையில் ஒரே வேளையிற் புகுந்திருந்தோர் தொகை 4 கோடியையும் கடந்தது என்பதை நினைத்தால் அதன் அளவு விளங்கும். 2015இல் தோற்ற அதே பெட்டி முயற்சியை மீண்டும் மேற்கொள்வதாக 2025 நவெம்பரில் வால்வ் அறிவித்ததும் இந்த வளர்ச்சியின் துணிவினாலேயே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டுக்களை எண்ணிப் பாருங்கள். அண்ட்ரொயிட் தொலைபேசிகள் யாவற்றின் உள்ளேயும் கருவாக இருப்பது லினக்ஸே. “லினக்ஸில் விளையாட முடியாது” என்று கூறும் சிறுவன், சட்டைப் பையில் லினக்ஸை வைத்துக்கொண்டே அவ்வாறு கூறுகிறான்!

கொம்புமுறியும் பதிப்புரிமையும்

வால்வின் கடையிலுள்ள விளையாட்டுக்கள் லினக்ஸில் ஓடினாலும், அவற்றுட் பெரும்பாலானவை விலைக்கு விற்கப்படுபவை. சில 100 கிகாபைட் அளவினை உடையவை. கைத்தொலைபேசித் தரவினை அட்டை அட்டையாக வாங்கிப் பாவிக்கும் குடும்பத்தினால் அவற்றை இறக்குவது இயலுமா? மாரி காலத்திற் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்க, தோணியிற் போய்வரும் ஊர்களில் உள்ளோருக்கு இவை வெறுங்கதை. ஆகவே, லினக்ஸ் உலகின் மற்றொரு செல்வத்தையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

கண்ணகியம்மன் வழிபாட்டுடன் இணைந்த கொம்புமுறி விளையாட்டு நமது மாவட்டத்தின் பழம்பெருஞ் சொத்து. ஊர் இரு சேரியாகப் பிரிந்து நின்று கொம்புகளைப் பிணைத்து இழுக்கும் அவ்விளையாட்டின் விதிகள் எவர் பெயரிற் பதியப்பட்டுள்ளன? பல்லாங்குழி ஆடுவதற்கு யாரிடம் அனுமதி பெறுகிறோம்? மணலிற் குழி தோண்டினாற் பலகை; புளியங்கொட்டை பொறுக்கினாற் காய். பாட்டி பேத்திக்குக் கற்பிக்கிறாள். பேத்தி தோழிக்குக் கற்பிக்கிறாள். விருப்பமானால் விதியை மாற்றியும் ஆடுகிறார்கள். கட்டற்ற மென்பொருள் என்பதன் தத்துவமும் இதுவேயாகும்.

அத்தகைய விளையாட்டுக்கள் பல உள்ளன. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கிய ‘பிறீசிவ்’, ஒரு நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து வளர்த்தெடுக்கும் ஆட்டம். 2003இல் டேவிட் வைட் தொடங்கிய ‘வெஸ்னோத்’, சதுரங்கத்தைப் போல ஆறுதலாகச் சிந்தித்து ஆடும் போர் விளையாட்டு. ‘சீரோ ஏ.டி.’ என்பதிலே பண்டைய உரோமரும் கிரேக்கரும் மட்டுமன்றி நமது அயல் நாட்டு மௌரியரும் இடம்பெறுகின்றனர். ‘சூப்பர் டக்ஸ் கார்ட்’ பென்குயின் முதலிய பாத்திரங்கள் வண்டி ஓட்டும் பந்தயம். விமானம் செலுத்தப் பழக ‘பிளைட்கியர்’ இருக்கிறது. சின்னஞ் சிறார் எழுத்தும் எண்ணும் பழகுவதற்கு, 2000ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த புரூனோ குடுவான் தொடங்கிய ‘ஜீகொம்பிரி’ நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகளைக் கொண்டு விளங்குகிறது.

இவை யாவும் இலவசம் என்பது மட்டும் இவற்றின் சிறப்பன்று. ஒருவர் நகரத்தில் இறக்கிப் பென்டிரைவிற் பிரதி செய்து, தோணியிற் கொண்டு சென்று அக்கரையிலுள்ள பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். அது சட்டப்படி சரியான செயல். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. அவ்வாறிருக்க, பூட்டுடைத்த களவுப் பிரதிகள் கடைத்தெருவில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டன! அவற்றோடு கூடவே வந்த நச்சுநிரல்களினால் பிள்ளைகளின் பரீட்சைக் குறிப்புக்களும் குடும்பப் புகைப்படங்களும் அழிந்த வீடுகள் நம்மிடையே உண்டு. பணநட்டம் ஒருபுறமிருக்கட்டும். பிறர் பொருளைக் கேளாமல் எடுப்பது களவு என்று பாடசாலையிற் கற்பிக்கிறோம். வீட்டிலே கணினியைத் திறந்தவுடன் களவுப் பிரதியைப் பிள்ளையின் கையிற் கொடுக்கிறோம். ஏழ்மை காரணமாக இதைவிட வேறு வழியில்லை என்று முன்னர் சமாதானம் கூறினோம். இனி அச்சமாதானம் செல்லாது, வழி பிறந்துவிட்டது.

திறந்து பார்க்கும் உரிமை

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றும் நன்மை வேறு. விலைக்கு விற்கும் விளையாட்டு ஒரு பூட்டிய பெட்டி. ஆடலாம், திறக்க முடியாது. கட்டற்ற விளையாட்டை மாணவன் திறந்து பார்க்கலாம். வெஸ்னோத்தில் ஒரு வீரனின் வலிமையும் விலையும் சாதாரண எழுத்துக் கோப்பிலே எழுதப்பட்டுள்ளன. அங்குள்ள ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டு மீண்டும் ஆடிப் பார்த்தால், காரணமும் காரியமும் கண்முன்னே தெரிகின்றன. ஒரு தவறான குறியினால் விளையாட்டே இயங்காது போகவும் கூடும். அப்போது பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பதே கல்வி. மாறி, நிபந்தனை, சுற்று என்று கரும்பலகையில் எழுதினாற் கொட்டாவி விடும் மாணவன், தான் விரும்பும் விளையாட்டின் உள்ளே அவற்றைக் கண்டால் நிமிர்ந்து உட்காருகிறான்.

அயலிலே செய்து காட்டியவர்களும் உளர். கேரள மாநிலம் 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டத்திற் கட்டற்ற மென்பொருளையே கைக்கொண்டது; தனக்கென ஒரு லினக்ஸ் தொகுப்பையும் உருவாக்கி, அரசாங்கப் பாடசாலைகளிலுள்ள இலட்சக்கணக்கான கணினிகளில் நிறுவியது. அங்கே முதல் நான்கு வகுப்புக்களுக்குரிய கணினிப் பாடநூலின் பெயர் ‘களிப்பெட்டி’, அதாவது விளையாட்டுப் பெட்டி. பெயரைப் போலவே, சின்னஞ் சிறார் லினக்ஸில் விளையாடியே கணினியைப் பழகுகின்றனர். தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்க்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோதும், இந்திய அரசின் சீ-டாக் நிறுவனம் ஆக்கிய பொஸ் லினக்ஸ் வின்டோஸுடன் சேர்த்து அளிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையைச் சூறையாடியபோது, இலங்கை நிரலாளர்கள் கூடிக் காணாமற் போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருளைச் சில வாரங்களில் ஆக்கினர். பின்னர் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், ஹெயிட்டி முதலிய நாடுகளின் அனர்த்தங்களிலும் அது உதவியது. திறந்த மூலத்தைக் கற்ற கைகள் வேண்டிய வேளையில் எதனைச் செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

குறைகளும் உள

இவ்வளவும் கூறியபின் குறைகளை மறைத்தல் நேர்மையன்று. பலர் கூடி இணையத்தில் ஆடும் போட்டி விளையாட்டுக்கள் சில லினக்ஸில் இயங்கமாட்டா. ஏமாற்று வேலைகளைத் தடுப்பதற்கென அவை வைத்திருக்கும் காவல் மென்பொருள், முறைமையின் கருவரை சென்று பார்க்க விரும்புகிறது. லினக்ஸில் அதற்கு அவற்றின் உரிமையாளர் இடம் தருவதில்லை. ‘வலோரன்ட்’, ‘போர்ட்நைட்’ என்பன இத்தகையவை. ‘ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ்’ முன்னர் இயங்கியது. 2024இன் பிற்பகுதியில் அதன் கம்பனி லினக்ஸ் வாசலை அடைத்துவிட்டது. இவற்றிலேயே பிள்ளைக்கு நாட்டமெனின் லினக்ஸ் அவனைத் திருப்தி செய்யாது. மேலும், பழைய கணினி எந்த முறைமையிலும் பழைய கணினியே. வலிமையான படவரை அட்டை இல்லாத பெட்டியிற் புதிய பெரிய விளையாட்டுக்கள் ஓடுமென எதிர்பார்த்தல் கூடாது.

அப்பிள் கணினியை நாடலாமோ எனின், அதன் விலை ஒருபுறம்; 2019இல் அது தன் பழைய 32 பிட் மென்பொருள்கள் யாவற்றையும் கைவிட்டபோது எத்தனையோ விளையாட்டுக்கள் இயங்காது போயின என்பதும் நினைவிருக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

விளையாட்டு அளவோடு இருத்தல் வேண்டும் என்பதற்கு லினக்ஸும் விலக்கன்று. கட்டுக்கடங்காத கணினி விளையாட்டை ஒரு நோய்நிலையாக உலக சுகாதாரத் தாபனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலிற் சேர்த்துள்ளது. ஆனால் எல்லா விளையாட்டும் ஒரே தன்மையன அல்ல. ஒவ்வொரு நாளும் வந்தே தீரவேண்டுமெனத் தூண்டி, திறக்காத பெட்டியைக் காசு கொடுத்து வாங்கச் செய்து, சூதாட்டத்தின் வாடையை வீட்டுக்குள் கொண்டுவரும் விளையாட்டுக்கள் ஒருவகை. விற்பவர் எவருமின்றி ஆர்வலர்கள் கூடி ஆக்கிய விளையாட்டுக்கள் மற்றொருவகை. பின்னையவற்றுக்குப் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பதால் வரும் இலாபம் எதுவுமில்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. பெண் பிள்ளைகளுக்கும் அண்ணன்மாருக்குச் சமமாகக் கணினியின் முன் நேரம் கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

செய்து பார்க்க விரும்புவோர் அவசரப்பட வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற தொகுப்புக்களைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியிலுள்ள வின்டோஸைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிறுவலாம். நிறுவுமுன் கோப்புக்கள், படங்கள் யாவற்றையும் வேறோரிடத்தில் பிரதி செய்து வைத்தல் கட்டாயம். பிள்ளைகளின் பாட வேலைகளுக்கு லிப்ரே ஒபிஸ் போதுமானது. நம்மவர் பாமினி எழுத்துருவிற் தட்டச்சுச் செய்த பழைய கோப்புக்களைத் திறப்பதாயின் அவ்வெழுத்துருவையும் நிறுவிக்கொள்ள வேண்டும்; இல்லையேல் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துக்களின் குழப்பமே தெரியும். அறிந்த மாணவர் ஒருவரின் உதவியைப் பெற்றால் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை இது.

பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும், அறநெறிப் பாடசாலைகளை நடத்தும் அன்பர்களும், வாசிகசாலைகளும் இப்பணியிற் கைகொடுக்கலாம். கழிவென ஒதுக்கப்படும் பத்துக் கணினிகளிற் சிலவேனும் லினக்ஸினால் மீண்டெழும். ஓர் ஊருக்கு இரண்டு கணினி, அவற்றில் நல்ல விளையாட்டுச் சில, அவற்றைத் திறந்து காட்ட ஓர் அண்ணனோ அக்காவோ. தொடக்கத்துக்கு இவ்வளவும் போதும்.

ஒரு விளையாட்டை ஆட விரும்பிய கென் தொம்சன் ஒரு முறைமையை ஆக்கினார். பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய ஹெல்சிங்கி மாணவர் உலகின் பெருங் கணினிகளுக்குக் கரு அமைத்தார். தமக்குப் பிடித்த விளையாட்டைத் தேடிய ஜேர்மன் இளைஞர் ஆயிரம் விளையாட்டுக்களுக்கு வழி திறந்தார். இவர்கள் அனைவரிடமும் இருந்தவை இரண்டு: திறந்து பார்க்கக்கூடிய ஒரு கணினி, திறந்து பார்க்கும் துணிவு. துணிவு நமது பிள்ளைகளிடம் நிறைய உண்டு. கணினியைத் திறந்து கொடுப்பது பெரியவர்களாகிய நமது கடன். சிறுபிள்ளை செய்யும் வேளாண்மைக்கு வரம்பு கட்டி, நீர் பாய்ச்சி, காவல் இருந்தால் அதுவும் விளைந்து வீடு வந்து சேரும்.